தாழப் பறக்கும் தும்பி

பெர்கன், நார்வே
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு அழகுராஜா எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மச்சானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா?

"இனிமே போன் பண்ணாதலே. வாய்ஸும் அனுப்பாத. பேப்பர்ல எழுது" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று இருந்துவிட்டேன். புது வருஷத்தன்று கூப்பிட்டும் நீ எடுக்காதபோதுதான் தபால் ஆபீசைத் தேடிப் போனேன். இந்த ஊரில் அது பலசரக்குக் கடையின் மூலையில் போட்ட ஒரு மேஜை. ரொட்டி வாங்க வந்தவர்களோடு வரிசையில் நின்று ஸ்டாம்ப் வாங்கினேன்.

இங்கே மழை பெய்கிறது என்று சொன்னால் சரியாக இருக்காது. மழைக்குள்ளே ஒரு ஊர் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆபீஸ் ஜன்னலில் மலை தெரியும், கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும், பிறகு வேறு இடத்திலிருந்து எழுந்து வரும். நான் பார்த்தது முதலில் பார்த்த மலைதானா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாயே. ஒரு கப்பலுக்குள் எத்தனையோ கருவிகள். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு நடக்க வேண்டிய கருவிகளும் அத்தனை உண்டு. நடுவில் ஓடிச் செய்தி கொண்டுபோகிற ஒரு லைப்ரரியை நானும் ஒரு நார்வேக்காரியும் எழுதுகிறோம். லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பெயர். எங்களுடையதற்குத் தும்பி என்று பெயர் வைத்திருக்கிறேன். நாம் ஒரு தடவை கண்ணை இமைப்பதற்குள் தும்பி லட்சம் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

மச்சானுக்கு என் அன்பைச் சொல். பதில் போடு.

உன் தம்பி,
அழகுராஜா


வெம்பக்கோட்டை
9.2.2025

தம்பி அழகுராஜாவுக்கு அக்கா கற்பகவல்லி எழுதுவது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஈரத்தில் திரிந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

போன் எடுக்கவில்லை என்று வருத்தப்படாதே. பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. போர்மேனாக இருக்கிற நானே அதை மீறினால் மற்றவர்களை எப்படிக் கண்டிப்பது? வீட்டுக்கு வந்தால் அலுப்பு. காகிதம் என்றால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு வேளையில் வேம்படியில் படிப்பேன். உன் கடிதம் அப்படி மடிப்பு விட்டுப்போகும்வரை கூடவே இருந்தது.

சீசன் முடிந்து ஆர்டர் குறைவுதான். ஆனாலும் கம்பி மத்தாப்புக்கு ஆள் பற்றவில்லை. இந்த வருஷம் என்னவோ ஊரே அமைதியாகிவிட்டது. கண்மாய்க் கரையில் மயில்கள் நிற்கின்றன, கழுத்தை நீட்டுகின்றன, கூவுவதில்லை. கம்பெனியில் எல்லாரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் சில நேரம் தோன்றும். இருளம்மாள் கையெல்லாம் அலுமினியத் தூள் மின்ன ஏதோ சொல்கிறாள். மற்றவர்கள் மீன்களைப்போல வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். மேகம் கறுத்தால் கேட்டில் இருப்பவர் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பார். எல்லா அறைகளையும் காலி செய்துவிட்டு ஓய்வுக் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். கோடை மழை வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

உன் தும்பி லட்சம் செய்தியைக் கொண்டுபோகட்டும். கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டாதா?

அன்புடன் அக்கா,
கற்பகவல்லி


பெர்கன்
4.3.2025

அக்காவுக்கு வணக்கம். உன் கடிதம் மழையில் நனைந்து, மை கொஞ்சம் ஊறி வந்தது. மயில் என்ற சொல் நீலமாகப் பரவியிருந்தது. சளி எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன்.

மூச்சு முட்டாதா என்று கேட்டாய். எங்களுக்கு இப்போது அதுதான் தொல்லை. தும்பி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். வட்டமாக இலை போட்ட ஒரு பந்தியை நினைத்துக்கொள். பரிமாறுகிறவர் நிற்பதே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறார். பின்னால் வருகிறவர்கள் தங்கள் வேகத்தில் இலை இலையாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் உள்ளே வராதபடி யாரும் கதவைப் பூட்டித் திறப்பதில்லை, அதனால்தான் அந்த வேகம். ஆனால் ஒருவர் மெதுவாக வந்தால்? பரிமாறுகிறவர் ஒரு சுற்று முடித்து அவர் பின்னாலேயே வந்து நிற்பார். அவருக்காக நிற்பதா, அவரைத் தாண்டிப் போவதா?

போன வாரம் கடலில் சோதனை. கப்பலில் தகவல் காட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டர் திரை தள்ளாடித் தள்ளாடிச் செய்தி வாங்கியது. அதற்காகத் தும்பி நின்றது, தும்பிக்காக மற்ற எல்லாமும் நின்றன. பெரிய கப்பல் கொஞ்ச நேரம் தூக்கத்தில் நடப்பதுபோல மிதந்தது. கரைக்கு வந்ததும் முடிவெடுத்தோம். பின்தங்குகிறவரை வெட்டிவிட வேண்டியது. அப்படி எழுதியதும் தும்பி பறக்கிறது. எங்கள் மேலாளர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தத் தண்டவாளத் துண்டு என் மனதைவிட்டுப் போகவில்லை. மின்னல் தூரத்தில் இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும் கருவி உண்டு. அதைக் கேட்டில் ஒரு கம்பத்தில் வைத்து, ஒவ்வொரு அறைக்கும் வெளியே தள்ளி ஒரு சைரன் நட்டால், தும்பியே செய்தியைக் கொண்டுபோகும். என்னோடு படித்த சாபிர், விருதுநகரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறானே, அவன் பொருத்தித் தருவான். உங்கள் கம்பெனிக்குத் தும்பியின் வேகம் தேவையே இல்லை. ஆனாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது. முதலாளியிடம் கேட்டுச் சொல்.

தம்பி,
அழகுராஜா


வெம்பக்கோட்டை
30.3.2025

தம்பிக்கு. எல்லாரும் சுகம். வெயில் இப்போதே கல்லைப் பிளக்கிறது. உனக்கு அங்கே வெயில் என்றால் என்னவென்று மறந்திருக்கும்.

முதலாளி சம்மதித்துவிட்டார். சாபிர் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார். கம்பங்களை அறைகளிலிருந்து தள்ளியே நட வேண்டும், பொறி பறக்கிற எதுவும் கிட்டே வரக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். நல்ல பிள்ளை, ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஒன்று கேட்கிறேன். சைரனோடு ஒரு விளக்கும் வைக்க முடியுமா? சிவப்பாக, சுற்றுகிற மாதிரி. மழை தகரத்தில் விழுந்தால் சத்தம் காதில் ஏறாது, அதற்காகத்தான்.

பின்தங்கினவரை வெட்டிவிட்டோம் என்று எழுதியிருந்தாய். வெட்டிவிட்டால் அந்தத் திரை அப்புறம் என்ன செய்யும்? தனக்குச் செய்தி வரவில்லை என்றாவது அதற்குத் தெரியுமா? இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு கனவு வருகிறது. பெரிய பந்தி. எனக்கும் இலை போட்டிருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போகிறார்கள். பரிமாறுகிறவர்கள் முகம் மலர்ச்சியாகத்தான் இருக்கிறது. என் இலைப் பக்கம் மட்டும் யாரும் குனிவதில்லை.

உன் மச்சான் மக்காச்சோளம் அறுத்துப் போட்டுவிட்டு வந்து உன்னை விசாரித்தார். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பெர்கன்
21.4.2025

அன்பு அக்கா, இங்கே பனி விட்டுவிட்டது, செர்ரி மரங்கள் பூத்திருக்கின்றன. பூ உதிர்வதும் மழை உதிர்வதும் ஒன்றாக இருக்கிறது. உன் உடம்பைக் கவனித்துக்கொள். கனவுக்கெல்லாம் வெயில்தான் காரணம்.

சைரன் பெட்டிகளைச் சாபிருக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன்பே அவன் பொருத்தியிருப்பான். சைரன் நல்ல சத்தம், தகரத்தில் கல் விழுந்தாலும் அதை மீறிக் கேட்கும். விளக்கு வைப்பதென்றால் பெட்டியையே மாற்ற வேண்டும், அடுத்த முறை பார்ப்போம்.

அந்தத் திரைக்குத் தெரியுமா என்று கேட்டாய். தெரியாது. கடைசியாக வாங்கிய செய்தியையே காட்டிக்கொண்டு இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைப்பார்கள். நீ கேட்கும்வரை நான் அதை அப்படி யோசித்ததில்லை.

தம்பி


பெர்கன்
5.6.2025

அக்கா, கடிதம் போட்டு வெகுநாள் ஆகிறது. பதில் இல்லை. போனில் "நல்லாருக்கோம்" என்று மட்டும் வருகிறது. அது நீ அடித்த மாதிரி இல்லை. சாபிரிடம் கேட்டால், "நீ வீட்ல பேசிக்கோ மாப்ள" என்கிறான். எதுவானாலும் ஒரு வரி எழுது.

அழகு


வெம்பக்கோட்டை
16.6.2025

மாப்பிள்ளை அழகுராஜாவுக்குச் சோலைச்சாமி எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டுகிறேன். எனக்கு எழுத்து வேலை பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் அக்கா உயிரோடும் உடம்போடும் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மே மாதம் ஒரு மத்தியானம் இடி மழை வந்தது. நீங்கள் அனுப்பிய சைரன் நல்லபடியாகக் கூவியது. மேகம் வரும் முன்பே எல்லாரும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். உங்கள் அக்கா மட்டும் உலர்த்துகிற மேடையில், காயப்போட்ட வெடிகளுக்குத் தார்ப்பாய் இழுத்து மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். முதுகு இந்தப் பக்கம். கொட்டகையிலிருந்து எல்லாரும் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பவே இல்லை.

இருளம்மாள்தான் ஓடியிருக்கிறாள். "எக்கா, வாங்கக்கா, வாங்கக்கா" என்று கத்திக்கொண்டே போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். உங்கள் அக்கா, "என்னடி, எதுக்கு இழுக்கே?" என்று கேட்டாளாம். இருவரும் கொட்டகைக்குள் நுழையும்போது மேடையில் மின்னல் விழுந்தது. மேடை இருந்த இடத்தில் இப்போது கருப்புத் தரைதான் இருக்கிறது. யாருக்கும் காயம் இல்லை. இருளம்மாளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, ஆறிவிட்டது.

மாப்பிள்ளை, உங்கள் அக்காவுக்குக் காது கேட்காது. போன தீபாவளிக்கு முன்னால் பக்கத்து அறையில் வெடித்ததே, தூசி மட்டும்தான் பட்டது என்று உங்களிடம் சொன்னோமே, அன்று முதல் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருகிறது. எங்கள் உதட்டைப் பார்த்தே சமாளித்துவந்தாள். "தம்பிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வந்திருவான். கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னைய வீட்ல உக்கார வச்சிருவாக" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதை இன்று மீறுகிறேன்.

முதலாளி கோபப்படவில்லை. வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் கடிதங்களைப் படிக்கிறாள், எழுத மாட்டேன் என்கிறாள். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

சோலைச்சாமி


பெர்கன்
8.7.2025

அன்பு அக்கா, மச்சான் கடிதம் வந்தது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் உன்மேல் கோபம் இல்லை. மதுரைக்குப் போய்க் காது டாக்டரைப் பார். அதைத் தள்ளிப்போடாதே.

இங்கே இந்த மாதம் இருட்டுவதே இல்லை. சாயங்காலம் தொடங்கி அப்படியே விடியலாகிவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் துறைமுகத்தை ஒட்டி நடந்துகொண்டே இருந்தேன். அப்படியே ஆபீசுக்குப் போய், பின்தங்குகிறவரை வெட்டிவிடும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.

மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேகம்தானே இதன் உயிர்" என்றார். நார்வேக்காரி எனக்காகப் பேசினாள். வேகமாக வருகிறவர்கள் வட்டப் பந்தியிலேயே ஓடட்டும், பின்தங்குகிறவரை மெல்லக் கையைப் பிடித்து ஓரமாக ஒரு தனிப் பந்தியில் உட்காரவைப்போம் என்றாள். அவருக்கு வேண்டியது அங்கே காத்திருக்கும். முக்கியமான செய்தி என்றால், கேட்டுவிட்டேன் என்று அவர் சொல்லும்வரை தும்பி திரும்பத் திரும்பப் போய்ச் சொல்லும். எழுதி முடித்து அளந்து பார்த்தோம். வேகம் குறையவில்லை. மேலாளர் தானும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, "கடலுக்கு அனுப்புங்கள்" என்றார்.

உன் கம்பெனிக்கும் அதையே அனுப்புகிறேன். ஒவ்வொரு கம்பத்திலும் சைரனோடு சிவப்பு விளக்கு. கீழே ஒரு பொத்தான். அறையைக் கடைசியாக விட்டு வருகிறவர் அதை அமுக்க வேண்டும். கொட்டகையில் ஒரு பலகை. பதில் வந்த அறை அதில் பச்சையாகும், வராத அறை சிவப்பாகவே நிற்கும். பலகையைப் பார்க்கக் காது வேண்டாம், அக்கா. ஆனால் கண் எடுக்காமல் பார்க்கிற ஒருவர் வேண்டும். முதலாளிக்கு நானே எழுதியிருக்கிறேன். முடிவு உன்னுடையது.

உன் தம்பி


வெம்பக்கோட்டை
19.8.2025

தம்பிக்கு அக்கா. நலமாக இரு.

உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆடி முழுக்க யாரோடும் பேசவில்லை. கடைசி வெள்ளிக்கு உன் மச்சான் கையைப் பிடித்து இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனார். ஆற்று மணலில் அவ்வளவு கூட்டம், ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. அக்கினிச் சட்டி ஏந்தி வருகிறார்கள், குழந்தைகள் வாயைத் திறந்து அழுகிறார்கள், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. அப்போது மேளக்காரர்கள் கிட்டே வந்தார்கள். முதலில் உள்ளங்காலில் வந்தது. பிறகு வயிற்றில், பிறகு நெஞ்சில். உடம்பு முழுவதும் மேளமாகிவிட்டது, அழகு. நின்ற இடத்தில் அழுதேன். உன் மச்சான் அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளே மதுரைக்குப் போனோம். வலது காது திரும்பாதாம். இடது காதுக்கு ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். தட்டு விழுவதும் உன் மச்சான் பேசுவதும் ஒரே மாதிரி கரகரவென்று கேட்கிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

சொல்லாமல் இருந்ததற்குப் பயம்தான் காரணம். போர்மேன் என்ற பேர் போனால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி வீட்டுக்கே வந்து பேசினார். காது கேட்காதவரைப் போர்மேனாக வைக்க முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார், நான் படிக்கும்படி மெதுவாக. அந்த வேலை என்னோடு வேலை பார்க்கிற தனுஷ்கோடிக்கு. எனக்குப் பலகையைப் பார்க்கிற வேலை. சம்மதித்துவிட்டேன். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அக்கா,
கற்பகவல்லி


பெர்கன்
10.9.2025

அன்பு அக்கா, நலம். புதுத் தும்பியோடு கப்பல் கடலுக்குப் போய்த் திரும்பியது. அந்தப் பழைய திரை தன் பந்தியில் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது, யாரும் நிற்கவில்லை. லைப்ரரியை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டோம். யார் யாரோ, எந்த எந்த ஊரிலிருந்தோ எழுதுகிறார்கள்.

மார்கழியில் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். மெஷின் கடித்தால் டாக்டரிடம் சொல், கழற்றி அலமாரியில் வைத்துவிடாதே.

தம்பி


வெம்பக்கோட்டை
6.10.2025

அன்புத் தம்பி அழகுராஜாவுக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கும் குறைவு இருக்காது என்று நம்புகிறேன். சீசன் உச்சத்தில் இருக்கிறது. லோடு ஏற்ற லாரிகள் கேட்டில் வரிசையாக நிற்கின்றன. அதற்கு நடுவில் இதை எழுதுகிறேன்.

பக்கத்துக் கம்பெனிகளிலும் பலகை கேட்கிறார்கள். சாபிர் கம்பம் நடுகிறார், நான் கூடப் போய் ஆட்களுக்குப் பழக்கிவிடுகிறேன். பொத்தானை எப்போது அமுக்குவது, யார் கடைசியாக வருவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். நான் பேசும்போது குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்கே தெரியாது. சாபிர் கையால் ஏற்றி இறக்கிக் காட்டுவார்.

நேற்று மழை மேகம் வந்தது. வெயில் இருக்கும்போதே தும்பிகள் தரையை ஒட்டிப் பறந்தன. அணைப் பக்கம் வானம் ஈயம் பூசினதுபோல ஆனது. நான் மெஷினைக் கழற்றியிருந்தேன், அதற்காகத் திட்டாதே. விளக்குகள் சுற்றத் தொடங்கின. சிவப்பு வெளிச்சம் சுவர்களில் நீந்திக்கொண்டு போனது. பெண்கள் யாரும் ஓடவில்லை, ஒவ்வொரு அறையிலிருந்தும் வரிசையாக நடந்து வந்தார்கள். பலகையில் ஒவ்வொன்றாகப் பச்சை. ஓர் அறை மட்டும் சிவப்பாகவே நின்றது. கையைக் காட்டினேன். தனுஷ்கோடி போனார். திரி வெட்டுகிற ஒரு அம்மா கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். தோளைக் கொடுத்துக் கூட்டிவந்தார். அதுவும் பச்சையானது.

மின்னல் எங்கோ தூரத்தில் விழுந்தது. கொட்டகையில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நான் பலகையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. இருளம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் இடது கையை இழுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவளுக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்திருந்தேன். எப்போது, யாரிடம் பழகினாளோ. விரலால் என் உள்ளங்கையில் மெதுவாக எழுதினாள். அலுமினியத் தூள் ஒட்டியிருந்த விரல், அதனால் எழுத்து மின்னியது. முதலில் 'ம'. கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த எழுத்து.

'மளை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வெளியே பார்த்தேன், கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் எழுத்தைத் திருத்தவில்லை.

உன் அக்கா,
கற்பகவல்லி